வரவேற்பறையில் ஸ்பெயின் கொடி

போன ஞாயிற்றுக்கிழமை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஸ்பெயின் நாட்டுக் கொடி தொங்கியது. கட்டியவர் என் மனைவியின் அண்ணன் கணேசன். பார்த்துக்கொண்டு நின்ற மடையன் நான்.

மகன் நிரோஜன் இரண்டு வருடமாக மரியேலா என்ற பெண்ணை விரும்புகிறான். கூடப் படித்தவள், நல்ல பிள்ளை. வீட்டில் ஸ்பானிஷ் பேசுவார்கள். அப்பா இல்லை. அம்மா பேர்னில் தாதியாக வேலை செய்கிறார். எங்களைப் பார்த்துப் பேசிய பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதமா இல்லையா என்று சொல்வாராம். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார் என்றதும் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

யாழ்ப்பாணத்துப் பெண் என்றால் எந்த ஊர், எந்த ஒழுங்கை, யாருக்குப் பக்கத்து வீடு என்று மூன்று தலைமுறையைத் தோண்டியிருப்போம். இது ஸ்பானிஷ். ஸ்பானிஷ் என்றால் ஸ்பெயின். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

அதற்குக் கணேசன் இருக்கிறார். ஒரு முறை விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்ந்த ஒரு வார மலிவு டூரில் ஸ்பெயினுக்குப் போய் வந்தவர்.

"நான் ஒரு கிழமை பார்சலோனாவிலை நிண்டனான், மச்சான். அந்தச் சனத்தை எனக்குத் தெரியும்," என்றார்.

தெரிந்த மனிதர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? கொடி வந்தது. ஒலிவ் காய் வந்தது. யூட்யூபைப் பார்த்து மனைவி பயேயா என்ற ஸ்பெயின் சோறு சமைத்தாள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வெள்ளைக்காரர் வந்தால் எங்கள் வீடுகளில் இதுதான் வழக்கம்... விருந்தாளிக்குப் பத்தியச் சாப்பாடு மேசையில், எங்களுக்கான கறி குசினியில் ஒளிந்தபடி. அன்றைக்கும் கோழிக்கறியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் மூடிபோட்டு அடுப்பில் இருந்தன.

நிரோஜன் ஸ்டேஷனுக்குப் போய் மரியேலாவையும் அம்மாவையும் அழைத்து வந்தான். அம்மா குள்ளமான, மாநிறமான பெண். கொடியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நிரோஜன் என் பக்கம் திரும்பினான்.

"பொலிவியா எண்டு எத்தனை தரம் சொன்னனான், அப்பா?"

சொன்னான்தான். ஸ்பெயினில் ஏதோ ஒரு பட்டணம் என்று நினைத்திருந்தேன். தென்னமெரிக்காவின் மலைகளுக்கு நடுவில் ஒரு முழு நாடு என்று யார் கண்டது?

அந்த அம்மா அமைதியாக ஜெர்மனில் சொன்னார்: "இது எங்களைப் பல தலைமுறை அடக்கி ஆண்டவர்களின் கொடி. என் வீட்டுக்கு நீங்கள் வந்தால், நான் இங்கிலாந்துக் கொடியைக் கட்டி வைக்கவா?"

 பதில் சொல்லக் கணேசன் முந்திக்கொண்டார். தாராளமாகக் கட்டலாம், லண்டனில் எங்கள் சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். மகன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கொடியைக் கழற்றிச் சுருட்டினேன். எல்லோரும் மேசையில் உட்கார்ந்தோம். அந்த அம்மா பயேயாவில் இரண்டு வாய் சாப்பிட்டார். பாவம், மூன்றாவது இறங்கவில்லை. பிறகு மூக்கை உயர்த்தி மணம் பிடித்தார், எழுந்தார், நேரே குசினிக்குப் போய்ச் சட்டியைத் திறந்தார்.

உறைப்பு, சாப்பிட முடியாது என்று மனைவி பின்னால் ஓடினாள். அவர் கரண்டியோடு நின்றபடியே உருளைக்கிழங்குப் பிரட்டலைச் சாப்பிட்டார்.

"உருளைக்கிழங்கும் மிளகாயும் எங்கள் பக்கத்தில் இருந்துதான் உலகம் முழுக்கப் போயின," என்றார். "எங்கள் சாமானை எங்களிடமே ஒளிக்கிறீர்களா?"

யாழ்ப்பாணத்துக் கறி என்று முப்பது வருடமாக சுவிஸ்காரருக்குப் பெருமை அடித்தவன் நான். மூக்குடைபட்டதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. பயேயாவைக் கணேசனிடம் தள்ளிவிட்டு எல்லோரும் கறி சாப்பிட்டோம். சம்மதம் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"கோடையில் கல்யாணத்தை வைக்கலாம். இந்தியாவில் இருந்து உங்கள் ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள்?"

இந்தியா! எங்களை இந்தியர் என்று சொன்னதற்காக நான் ட்ராமில் சண்டை பிடித்திருக்கிறேன். வேலையிடத்தில் சுவரில் வரைபடம் ஒட்டி, குட்டித் தீவில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். மனைவி திருத்த வாயெடுத்தாள். மெல்ல அவள் காலை மிதித்தேன்.

"ஒரு பதினைந்து பேர் வருவினம்," என்றேன்.