மூன்றாம் வாசல் அதிகாரியின் முகம்

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்கு நெஞ்சு படபடக்கும். நான் கடைக்குப் போவேன். அது ஒரு வியாதி என்று இப்போது தெரிகிறது. அந்த நாட்களில் அதை ராசதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் நானும் அக்காவும் ஒரு வீட்டில் இருந்தோம். நான் ரியூட்டரி என்கிற தனியார் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தேன். மின்சாரம் போய் ஆண்டுக் கணக்காகிவிட்டது. கனடாவுக்குப் போன நண்பன் ஒருவன் தன் புத்தகப் பெட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். அவன் போன கையோடு கறையான் வந்துவிட்டது. கறையான் விட்டுவைத்ததில் முழுதாய் இருந்தது ஒரே ஒரு நாவல்தான். அதிலும் அட்டை இல்லை.

வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ஒட்டி எழுதப்பட்ட நாவல் அது. எதிரும் புதிருமான இரண்டு உலகங்களுக்கு நடுவே ஆகாயத்தில் தொங்கும் ஒரு நிலையம். அதன் மூன்றாம் வாசலுக்கு ஓர் அதிகாரி. அவனுக்குச் சம்பளம் ஓர் உலகத்திலிருந்து வருகிறது. பெண்சாதி பிள்ளைகள் இருப்பது மற்ற உலகத்தில். அவன் எந்தப் பக்கம் என்பதுதான் கதை. நிலையத்தில் இருக்கிற அத்தனை பேரும் அவனைச் சந்தேகிக்கிறார்கள். அவனும் அவர்களைச் சந்தேகிக்கிறான். வாசிக்கிற நான் எல்லாரையும் சந்தேகித்தேன். அந்த விடயத்தில் எங்களுக்குப் பயிற்சி போதுமானது. சந்தியில் ஒருவன் பத்து நிமிடம் சும்மா நின்றாலே, ஏன் நிற்கிறான் என்று மூன்று விதமாக யோசிக்கக்கூடிய ஊர் எங்களுடையது.

ஒரு சிக்கல் இருந்தது. தொடரைப் பார்த்தவர்களுக்காக எழுதிய நாவல் என்பதால் அதில் ஒருவருக்கும் முகம் இல்லை. மூக்கு எப்படி, மீசை உண்டா இல்லையா, ஒன்றும் கிடையாது. வாசகருக்குத்தான் எல்லாரையும் தெரியுமே என்ற துணிவில் ஆசிரியர் எழுதிக்கொண்டே போயிருந்தார். நானோ அந்தத் தொடரின் ஒரு காட்சியைக்கூடக் கண்டதில்லை.

அக்காவுக்குக் கதை என்றால் உயிர், ஆங்கிலம் ஓடாது. அவளுக்காக அதைத் தமிழில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். வாயில் நுழையாத பெயர்களைத் தூக்கிவிட்டு ‘தளபதி’, ‘மூன்றாம் வாசல் அதிகாரி’ என்று பதவிகளை மட்டும் வைத்தேன். விண்வெளி நிலையம் என்று ஒவ்வொரு தரமும் எழுதக் கை உளைந்ததால் வெறும் ‘நிலையம்’ ஆக்கினேன். முகம் இல்லாதவர்களுக்கு ஊரிலிருந்து முகங்களை எடுத்து ஒட்டினேன். மூன்றாம் வாசல் அதிகாரிக்கு எங்கள் தபால் அதிபரின் முகம்: ஒட்டிய கன்னம், எலிவால் மீசை, கறுப்பு நூலால் காது கட்டிய மூக்குக்கண்ணாடி. கடிதத்தில் முத்திரை குத்துமுன் அதை ஒருதரம் மோந்து பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். விண்வெளியில் எதற்குக் கடிதம் என்று கேட்காதீர்கள். அக்கா கேட்கவில்லை. வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொப்பி நிரம்பிவிட்டதால் கடைசி இரண்டு அத்தியாயத்தை வாயால் சொல்லி முடித்தேன்.

ஒரு காலை கொத்தமல்லி வாங்கிவந்து, அது சுற்றியிருந்த சரையைப் பிரித்தேன். கடதாசியில் என் எழுத்து.

“கறுப்பு நூல் கட்டிய கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய கண்கள் எதையோ ஒளித்தன. அவன் இரண்டு பக்கமும் கதைக்கிறான் என்பதற்கு நிலையத்தில் சாட்சி உண்டு. வாசல் திறப்பு இப்போதும் அவனிடமே இருக்கிறது.”

“அக்கா, என்ரை கொப்பி எங்கை?”

“வாசிச்சு முடிச்சிட்டன் தானே. கடைக்காரரிட்டைக் குடுத்திட்டன். கடதாசி இல்லாமல் அந்தாள் சீனியைக் கையிலை அள்ளித் தருது, பாவம்.”

“உனக்கு விசரே? அது என்ன எண்டு தெரியுமோ?”

“தெரியும். கதை.”

அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கொப்பியின் நடுவில் கிழித்த ஒற்றைத் தாள் ஒன்றைக் கையில் எடுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பெயர் இல்லை, கிரகம் இல்லை, ரொக்கெட் இல்லை. ஓர் அரசாங்க உத்தியோகத்தனின் அங்க அடையாளம் இருக்கிறது, அவன்மேல் குற்றச்சாட்டு இருக்கிறது. அந்த நாளில் ஒரு மனிதனை விசாரணைக்குக் கொண்டுபோக அதில் கால்வாசி போதும். எங்கள் தபால் அதிபருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. அவர் இருந்ததோ பெடியள் என்று ஊர் சொல்லும் இயக்கத்தின் ஆட்சிக்குள். எழுதியவன் யார் என்று தேடவும் வேண்டியதில்லை. குடாநாட்டை விட்டு வெளியேற அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டிய காலம் அது. ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான். இடக்கைக்காரன். காற்றில் சாய்ந்த வாழைபோல என் எழுத்து பின்னுக்குச் சரிந்து நிற்கும்.

அவரைக் கொண்டுபோனால் என்னால். என்னைக் கொண்டுபோனால் அதுவும் என்னால். ஆகவே நான் கடைக்குப் போனேன்.

கொப்பியைத் திருப்பிக் கேட்டால் ஏன் என்று கடைக்காரர் கேட்பார். அதனால் ஒற்றை ஒற்றையாக வாங்குவது என்று முடிவுசெய்தேன். ஐம்பது கிராம் வெந்தயம். வீட்டுக்கு வந்து சரையைப் பிரித்தேன். என் கொப்பிதான்! திரும்பவும் போய் இன்னோர் ஐம்பது கிராம். பிறகு இடுப்பில் வேறு சாரம் மாற்றிக் கட்டிக்கொண்டு போய் இன்னொன்று. சாரம் மாற்றினால் ஆளைத் தெரியாது என்று ஒரு மூளை யோசித்ததே, அந்த மூளையை நம்பித்தான் பிள்ளைகளை என்னிடம் அனுப்பினார்கள்.

நாலாம் தரம் கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

“மாஸ்டர், என்ன விசேஷம்? காலமையிலை இருந்து வெந்தயமாய் வாங்கிறியள்.”

“அக்காவுக்குச் சூடு, அண்ணை.”

“இவ்வளவு சூடோ? ஆசுப்பத்திரிக்கெல்லோ கொண்டு போகோணும்.”

“கொஞ்சம் கூடச் சுத்தித் தாங்கோ அண்ணை. ரெண்டு கடதாசி வைச்சு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனுசி ஒருத்தியும் பார்த்தாள். பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த சனத்துக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும். சவர்க்காரம் தட்டுப்பாடாகப் போகிறது, மண்ணெண்ணெய் வராது என்பதை முதலில் யாரோ ஒருவன்தான் அறிகிறான். அவன் சொல்லமாட்டான், வாங்குவான். ஆங்கிலம் தெரிந்த மாஸ்டர் வெந்தயம் வாங்குகிறார் என்றால் கப்பலில் வெந்தயம் இல்லை என்று அர்த்தம்.

மத்தியானம் நான் போனபோது கடை வாசலில் வரிசை நின்றது. அச்சுவேலியில் வெந்தயத்துக்கு வரிசை நின்ற முதல் நாளும் கடைசி நாளும் அதுவாகத்தான் இருக்கும். கடைக்காரர் வேர்க்க வேர்க்க என் கொப்பியைக் கிழித்துக் கிழித்துச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வாசல் அதிகாரி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தான். நான் ஒரு நாள் பேசாமல் வீட்டில் படுத்திருந்தால் அந்தக் கொப்பி முடிய இரண்டு மாதம் எடுத்திருக்கும்.

அடுத்த நாள் தபால் கந்தோர்ப் பக்கம் போனேன். வேவு பார்க்கத்தான், முத்திரை வாங்குகிற சாட்டு. வாசலில் பெடியள் இரண்டு பேர் ஒரு சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார்கள். உள்ளே போகவுமில்லை, போய்த் தொலையவுமில்லை. உள்ளே கம்பிக்குப் பின்னால் இருந்த தபால் அதிபரின் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, நான் முத்திரை வாங்காமலே திரும்பினேன். அதற்கடுத்த நாள் கந்தோர் பூட்டியிருந்தது. என்ன காரணம் என்று ஒரு துண்டுகூடக் கதவில் இல்லை.

கந்தோர்ப் படியில் குந்திக்கொண்டு என் வீரத்தைக் கணக்கெடுத்தேன். கொடிகாமத்தில் பெரியம்மா வீடு இருக்கிறது, ஒரு மாதம் தங்கலாம். அக்காவையும் கூட்டிக்கொண்டு போகலாம். தபால் அதிபரை எங்கே கூட்டிக்கொண்டு போவது? அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். இடையில் ஒருதரம் எழுந்து கடைப் பக்கம் நடந்தேன். பாதி வழியில்தான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. வீட்டுக்குப் போய் அட்டையில்லாத நாவலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் அவரேதான். உயிரோடு, காய்ச்சலோடு, கழுத்தில் துவாயோடு. என்னைக் கண்டதும் ஓர் அடி பின்னுக்குப் போனார். அவருக்குப் பின்னால் கதிரையில் ஒரு பயணப்பை கட்டி வைத்திருந்தது. மேசையில், வெந்தயம் ஒட்டியபடி, என் கொப்பி ஒற்றைகள் இரண்டு.

“வாரும். தனியவோ வந்தனீர்?”

“ஓம், ஐயா.”

“வெளியிலை ஆர் நிக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை, ஐயா.”

அவர் யன்னலால் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் கதிரை இழுத்து இருந்தார்.

“தம்பி, மறைக்காமல் சொல்லும். என்னைப் பாத்து எழுதச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது? நேத்து உம்மைக் கண்டனான். கந்தோருக்கு வந்தீர், என்ரை முகத்தைப் பாத்தீர், ஒண்டும் வாங்காமல் போனீர்.”

இவ்வளவு நாளும் நான் அவருக்காகப் பயந்துகொண்டிருக்க, அவர் எனக்குப் பயந்து காய்ச்சலில் கிடந்திருக்கிறார்.

நாவலை நீட்டினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர். ஆங்கிலம் என்னைவிடச் சுத்தம். நான் மடித்துக் காட்டிய அத்தியாயத்தை வாசித்தார். என் ஒற்றைகளைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். ஒரு சோதனைத்தாள் திருத்துகிற வேகம்.

“இதிலை மூக்குக்கண்ணாடி இல்லை.”

“இல்லை, ஐயா.”

“மீசை இல்லை. மோந்து பாக்கிறதும் இல்லை.”

“அது நான் போட்டது, ஐயா. பகிடிக்கு.”

“ஊரிலை இவ்வளவு மூஞ்சையள் கிடக்கு. ஏன் காணும் என்ரை?”

பகிடி என்று திரும்பவும் சொல்லித் தப்பியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“அங்கை சம்பளம் எடுத்துக்கொண்டு இஞ்சை இருக்கிற ஆள் எண்டு வாசிச்ச உடனை, உங்கடை முகம் தானாய் வந்திட்டுது, ஐயா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துவாயில் துடைத்தார். நூல் கட்டிய பக்கத்தை மட்டும் மெதுவாக.

“அப்ப நீரும் அப்பிடித்தான் நினைச்சனீர்.”

நான் ஒற்றையில் ஒட்டியிருந்த வெந்தயத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். 

“புத்தகத்தை வைச்சிட்டுப் போம்,” என்றார் கடைசியில். “நாளைக்குப் பத்து மணிக்குக் கந்தோருக்கு வாரும். காசுக்கட்டளைக் காசு எடுக்கிற ஆக்கள் வருவினம், சனம் நிக்கும். இந்தக் கதையை முதலிலை இருந்து எல்லாருக்கும் கேக்க வாசியும். கண்ணாடியோடை, மீசையோடை. கதை எண்டு ஊருக்குத் தெரியோணும்.”

“பெடியள் வந்தால்?”

“வரட்டும். அவைக்கும் கேக்கட்டும்.”

பத்து மணிக்கு நான் போனபோது கால்கள் தம்பாட்டில் கடைப் பக்கம் திரும்பின. இழுத்துக்கொண்டு போனேன். தபால் அதிபர் கம்பிக்குப் பின்னால் வேலையில் இருந்தார். கம்பி இடுக்கால் நாவலைத் தள்ளினார். வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால் நின்று, ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து, தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஆகாயம், நிலையம், இரண்டு உலகம். முதலில் விசரன் என்று பார்த்தார்கள். எலிவால் மீசைக்கு வந்தபோது ஒரு சிரிப்பு. கறுப்பு நூலுக்கு வந்தபோது எல்லாத் தலைகளும் கம்பிப் பக்கம் திரும்பின. அவர் ஒரு கடிதத்தை எடுத்து, எல்லாருக்கும் தெரிய மோந்துவிட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். கந்தோர் முழுக்கச் சிரித்தது. “உதுதானே என்ரை வெந்தயச் சரையிலை கிடந்தது! நான் ஏதோ மொட்டைப் பெட்டிசம் எண்டெல்லோ நினைச்சன்!” என்று ஒரு மனுசி சத்தம்போட்டாள்.

அந்தச் சிரிப்பில் நான் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அந்த இரண்டு பெடியளும் கதவோடு சாய்ந்து நின்றார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியாது. அவர்கள் சிரிக்கவில்லை. சனமும் சட்டென்று ஓய்ந்தது.

உயரமானவன் கேட்டான். “மாஸ்டர், கடைசியிலை அவன் என்ன செய்தவன்? கதவைத் திறந்து விட்டவனோ?”

திறந்துவிட்டான். நாவலில் கடைசிக்கு முந்திய அத்தியாயம். பெண்சாதி பிள்ளைகளுக்காக மூன்றாம் வாசலைத் திறந்து, எதிரியை உள்ளே விடுகிறான். எனக்குத் தெரியும். புத்தகத்தை ஓர் இரவு வைத்திருந்த தபால் அதிபருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய முத்திரைச் சத்தம் நின்றுவிட்டது.

“இல்லை, தம்பி,” என்றேன். “கடைசி வரைக்கும் திறக்கேல்லை. எல்லாரும் அவனைப் பிழையாய் நினைச்சிட்டினம்.”

அவன் என்னைப் பார்த்தான், கம்பிக்குப் பின்னால் பார்த்தான். “நல்ல கதை,” என்றான். இரண்டு பேரும் இரண்டு கடித உறை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் முதலில் கண்ட அன்றும் உறை வாங்கத்தான் வந்தார்களோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சனம் போன பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் அதை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

“உம்மடை மொழிபெயர்ப்பிலை ஒரு பெரிய பிழை இருக்கு, தம்பி.”

“ஓம், ஐயா.”

“திருத்தவேண்டாம்,” என்றார்.