ஒரு தண்ணீரோடு விட்ட தொட்டி

பாண்டிசெல்வி ஊற்றியது அரை மக் ஆசிட்தான். தொட்டிக்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த அங்காளம்மாள் இரண்டு முறை இருமினாள். மூன்றாவது இருமல் பாதியில் நின்றது. தொட்டியின் அடியில் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ ஒரு புகை அவள் இடுப்பு வரை ஏறியிருந்தது.

ராஜபாளையத்தை அடுத்த பேண்டேஜ் துணி வெளுக்கும் ஷெட் அது. இருவரும் சோழபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருபவர்கள். பாண்டிசெல்விக்கு அங்கே பத்தொன்பது வருட வேலை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் தொட்டிகளைச் சுத்தம் செய்வது அவள் பொறுப்பு. ஒருவர் மேலிருந்து ஆசிட் ஊற்ற, இன்னொருவர் உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும். போர்வெல் தண்ணீர்த் தொட்டியில் படிந்த உப்புக்கறை நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும், ஆபத்தில்லை.

ப்ளீச்சிங் தொட்டிக்கு மட்டும் வேறு முறை. அடிச்சேற்றை அள்ளிவிட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே ஆசிட்.

அன்று காலை சூப்பர்வைசர் சௌந்தரபாண்டியன் கேட்டார்: "மூணு தண்ணி ஆச்சாம்மா?"

"ஆச்சு சார்."

ஆகியிருந்தது ஒன்றுதான். பூஜைக்கு எல்லாருக்கும் ஒரே கலர் சேலை. இருவரின் ஜாக்கெட்டுகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் டெய்லரிடம் கிடந்தன. மதியம் கடையைப் பூட்டிவிடுவார், அதற்குள் போய் வாங்க வேண்டும். கறை எல்லாத் தொட்டியிலும் ஒரே வெள்ளை. ஆனால் இந்த வெள்ளைக்கு அடியில் கரையாத ப்ளீச்சிங் பவுடர் இருந்தது. அதில் குளோரின் ஆக்சிஜனோடும் சுண்ணாம்புச் சத்தோடும் பிணைந்து அடங்கிக் கிடக்கும். ஆசிட் பட்டதும் அந்தப் பிணைப்பு அறுந்து குளோரின் வாயுவாக வெளியேறும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியை விட்டு மேலே போகாது.

"அங்கா! ஏட்டி, கையத் தூக்குட்டி!"

நனைந்த துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு பாண்டிசெல்வி ஏணியில் மூன்று படி இறங்கினாள். கண் எரிந்தது. கைக்கு அகப்பட்ட முழங்கையை விடாமல் இழுத்தாள். சௌந்தரபாண்டியன் ஓடிவந்து மறு கையைப் பிடித்தார். மேலே கிடத்தியபோது அங்காளம்மாளின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாயுவை அடக்கத் தொட்டிக்குள் சலவைச் சோடாக் கரைசலைக் கொட்டச் சொல்லிவிட்டு, அவர் காரை எடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டெய்லர் கடை வந்தது. திறந்துதான் இருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். "பிழைச்சுட்டாங்க. நுரையீரல் புண்ணாயிருக்கு, ஆற நாளாகும்."

சௌந்தரபாண்டியன் பாண்டிசெல்வியைத் தனியே அழைத்தார். "பவுடர்லதான் ஏதோ கோளாறுன்னு சொல்லிருவோம். நீ மூணு தண்ணியும் விட்டேல்ல?"

பாண்டிசெல்வி அவரைத் தாண்டி நடந்தாள். நேரே கட்டிலருகே போனாள்.

"அங்கா, நான் ஒரு தண்ணிதான் விட்டேன்."

ஆக்சிஜன் மாஸ்குக்கு மேல் அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. அங்காளம்மாள் மாஸ்கை மெல்ல விலக்கினாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லக்கா. மிச்சம் ரெண்டு தண்ணிய நானே ஊத்திருப்பேனே."