மரத்துப்போகும் களிம்பும் மாட்டுத்தாவணி மருந்துக்கடையும்

மருந்துக்கடைக்காரன் பாதி நேரம் மாத்திரை கொடுக்கிறான். மீதி நேரம் வேறெங்கோ பார்ப்பதுபோல் நடிக்கிறான். என்னைப்போலக் கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது புரியும்.

வெளியூர்க் கடை

விந்து முந்துதலுக்குச் சொந்த ஊரில் யாரும் மருந்து வாங்குவதில்லை. சோழவந்தான்காரர் மாட்டுத்தாவணியில் இருக்கும் என் கடைக்கு வருவார். இங்குள்ளவர்கள் எங்கே போகிறார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அப்படி வந்தவர்தான் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் செல்வம். கல்யாணமாகி எட்டு மாதம். கடையிலிருந்த பெண்கள் போகும்வரை இருமல் மருந்துப் பாட்டில்களைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். சீட்டு இல்லாமல் தரமாட்டேன், டாக்டரைப் பாருங்கள் என்றேன். முகம் சுண்டிப்போயிற்று.

"டாக்டர்கிட்ட வாயத் திறக்க முடிஞ்சா, போன்ல பேரத் தேடிக்கிட்டு இம்புட்டுத் தூரம் ஏண்ணே வாரேன்?"

அரைகுறைப் பாடம்

ஆனாலும் அடுத்த வாரம் சீட்டோடு வந்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. டாக்டர் மூன்று வழி சொல்லியிருந்தார்: உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, அடங்கியபின் தொடரும் பயிற்சி; உணர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் களிம்பு; போதாவிட்டால் மாத்திரை. பயிற்சிக்கு மனைவியின் துணை வேண்டும், அவரையும் கூட்டி வாருங்கள் என்றாராம். செல்வம் களிம்பை மட்டும் வாங்கினார்.

பூசிக் கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிரஷர் மாத்திரை கேட்டு ஓர் அம்மா வந்து நின்றார். நான் குரலைத் தாழ்த்தினேன். செல்வம் டியூபைச் சட்டைக்குள் திணித்தார்.

"எல்லாம் தெரியும்ணே, போறேன்."

டியூபோடு வந்த பெண்

பத்து நாள் கழித்து அதே டியூபையும் என் கடை பில்லையும் கவுண்டரில் வைத்தார் ஒரு பெண். செல்வத்தின் மனைவி கவிதா. மனுஷன் துடைக்கவே இல்லை, கவிதாவுக்கும் மரத்துப்போயிருக்கிறது. என்ன ஏதென்று பிடித்து உலுக்கியதில் செல்வம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். களிம்பை எப்படிப் பூசுவது, டாக்டரிடம் இருவருமாக எப்போது போகலாம் என்று கவிதா சத்தமாகவே கேட்டார். கடையில் நாலு பேர் நின்றார்கள். நானும் இந்த முறை சத்தமாகவே சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது, வெட்கமாக இருந்தது.

டியூபைக் கைப்பையில் வைத்தபோது அவர் கண் கலங்கியது.

"ஆறு மாசமா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாருண்ணே. என்னயப் புடிக்கலபோலன்னு எங்கம்மா வீட்டுக்குப் போகத் துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

மூன்று வைத்தியத்துக்கும் முந்தின வைத்தியம் பெண்டாட்டியிடம் சொல்வது. அதற்குச் சீட்டே வேண்டாம், ஆனால் அதைக் கேட்டு என் கடைக்கு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.