சாவியை மாற்றிக்கொண்ட ஊர்

என் மருமகளின் ஊர் ஹோண்டுராஸில் இருக்கிறது. மகன் கல்யாணப் பேச்சை எடுத்த அன்று, உலக வரைபடத்தில் அதைத் தேடித் தேடி எனக்குக் கண் பூத்துப்போனது. போன மாதம்தான் அவள் முதல்முறையாக நெய்வேலிக்கு வந்தாள். வந்த நேரம், வீடே பெட்டியும் சாக்குமாகக் கிடந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், அவருடைய சொந்த ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டு அக்கா நெல்லிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் சோறூட்டி வளர்த்தவர்கள் நாங்கள். இனி ஆளுக்கொரு திசை. "புது வீடு எப்படி?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சாயங்காலம் அக்கா டீ குடிக்க வந்திருந்தபோது, மருமகள் தன் ஊர்க் கதையை இங்கிலீஷில் சொன்னாள். அக்காவுக்காக நான் தமிழில் சொன்னேன், கொஞ்சம் மசாலா சேர்த்துத்தான்.

அணை கட்டுவதற்காக அந்தச் சின்ன ஊரை அப்படியே மேட்டுக்கு மாற்றினார்களாம். புது வீடுகளை அதிகாரிகள் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். ஜனங்கள் மறுபேச்சில்லாமல் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதிகாரிகளின் ஜீப் கிளம்பியதுதான் தாமதம், எல்லோரும் சர்ச் வாசலில் கூடி, பழைய பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி பக்கத்திலேயே வரும்வரை சாவிகளை மாற்றிக்கொண்டார்களாம். மருமகளின் அம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரி மட்டும் மகளோடு தலைநகரத்துக்குப் போய்விட்டாள். அவளுடைய சாவியை யாருக்கும் கொடுக்காமல் அம்மாவே வைத்திருந்தாராம்.

"அவங்க திரும்பி வந்தாங்களா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம பிளாக்கும் சொரங்கம் வந்தப்ப காலி பண்ண வச்ச யாரோ வூடு இருந்த எடந்தான். அவுங்கள யாரு சாவி மாத்திக்க வுட்டாங்க?" என்றவர், எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் கட்டட வேலையைப் பார்த்துவிட்டு நெல்லிக்குப்பத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கொத்தனாராண்ட சொல்லிட்டேன். வூட்ட ஒட்டி ஒரு ரூமு, தனி வாசலோட."

"வாடகைக்கு விடவா அக்கா?"

"வாடகைக்கு வுட்டா நீ வந்தா எங்க தங்குவ?"

"நான் வராமலே போயிட்டா?"

"பூட்டிக் கெடக்கட்டும். அது உன் வூடு."

ஊரெல்லாம் வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது.