காலர் முனையில் ஒரு தயக்கம்

தெருவே பட்டாளத்தார் என்று கூப்பிட்ட அந்த மனிதருக்குக் கல்யாணமான புதிதில் தாலாட்டுப் பாடியது ஒரு தையல் மெஷின். மதியச் சாப்பாடு முடிந்ததும் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து மெஷினை மிதிப்பாள். அவர் பக்கத்திலேயே தரையில் தலையணையைப் போட்டுப் படுப்பார். கடகடவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒரு சட்டை முடிவதற்குள் குறட்டை கிளம்பிவிடும்.

"பக்கத்து வீட்டுல, உங்க வீட்டுல ரெண்டு மெஷினான்னு கேக்குறாங்க" என்பாள்.

பிறகு போர் வந்தது. பதினோரு மாதம் இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் கிடந்துவிட்டு, கைகால் முழுசாகத் திரும்பினார். வந்த மூன்றாம் நாள் அவள் ஆசையாக மெஷின் முன் உட்கார்ந்தாள். ஒரு சாண் தையல்கூட ஓடியிருக்காது, அவர் கட்டிலுக்கடியில் இருந்தார். போகிற போக்கில் அவளையும் இழுத்துத் தரையில் தள்ளியிருந்தார். அவளுடைய முழங்கை சிராய்த்துவிட்டது.

மறுநாள் அவள் மெஷினுக்குப் பழைய போர்வையைப் போர்த்தினாள். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா வீட்டு மெஷினில் போய்த் தைத்தாள். அவர் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டும் வேலையில் சேர்ந்தார்.

"சத்தம் போடக் கூடாதுன்னு போர்டு மாட்டின இடமாப் பாத்துப் புடிச்சிருக்காரு, கெட்டிக்காரரு" என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் சிராய்ப்பு ஆறிய பிறகும் வெகுநாள் முழுக்கைதான் போட்டாள்.

வருடங்கள் அப்படியே ஓடின. ஒருநாள் அக்கா, அடுத்த வருடம் வேறு ஊருக்குக் குடிபோகப் போவதாகச் சொன்னாள்.

"எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க. அவ போனதும் நம்ம மெஷினை யாருக்காவது குடுத்துடலாம்" என்றாள் மனைவி. அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வாரமே நூலக மாடியில் நடந்த யோகா வகுப்பில் போய் நின்றார். சொல்லிக்கொடுத்த அம்மாள் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். கடைசியாகச் சவாசனம். எல்லோரும் துவண்டு கிடக்க, இவர் மட்டும் குதிகால் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி விறைத்துக் கிடந்தார்.

"என்ன சார், படுத்துக்கிட்டே அட்டென்ஷனா? பொணம்கூட இவ்வளவு வெறைப்பா இருக்காது. ஸ்டாண்ட் அட் ஈஸ்!"

உத்தரவு என்றதும் உடம்பு தன்னால் தளர்ந்தது. அன்றிலிருந்து அந்த அம்மாள் இவருக்கு மட்டும் பட்டாளத்து பாஷையில்தான் ஆசனம் சொன்னார்.

மூச்சு வசப்பட நாளாயிற்று. கீழே தெருவில் மோட்டார் சைக்கிள் படபடத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"சத்தத்துக்குப் பேர் வைக்காதீங்க சார். பேர் வச்சா பயம் வந்துடும். எங்க ஏறுது, எங்க எறங்குதுன்னு மட்டும் கேளுங்க. மூச்சு அதுபாட்டுக்குப் போகட்டும்" என்பார் அம்மாள்.

அக்கா குடிபோன மறுநாள். மெஷினை எடுத்துப்போக ஒரு பெண் சாயங்காலம் வருவதாக இருந்தது. சாப்பிட்டதும் அவர் போர்வையை எடுத்து மடித்தார். எண்ணெய் விட்டார். தரையில் தலையணையைப் போட்டார்.

"வேணாங்க." அவள் கை தன்னையறியாமல் முழங்கைக்குப் போனது.

"ஒரே ஒரு காலர்."

மெஷின் ஓடியது. தலையணையின் இரு ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டார். மூச்சு போயிற்று, வந்தது. சத்தம் ஏறியது, ஏறியது, பிறகு மெல்லத் தணிந்தது. காலர் முனை. அரை நொடி நின்று, துணி திரும்பி, மறுபடி புறப்பட்டது. துப்பாக்கி யாருக்காகவும் அப்படித் தயங்கியதில்லை. இது அவள் கால். கல்யாணமான புதிதிலும் இதே இடத்தில்தான் தயங்கியிருக்கும். அதற்குள் அவர் தூங்கிப்போயிருப்பார்.

"நிறுத்தவா?"

"அடுத்த முனைக்கும் வா."

தூக்கம் வரவில்லை. தலையணையைப் பிடித்த பிடியையும் விடவில்லை. ஆனால் கட்டிலுக்கடியில் அவர் போகவில்லை.

"சாயங்காலம் அந்தப் பொண்ணு வருமே, என்னங்க சொல்றது?"

"கண்ணு நல்லாயிடுச்சுன்னு சொல்லு."