எங்கள் தோப்பின் எல்லைச்சாமி

2009ஆம் ஆண்டு, பங்குனி மாதக் கடைசி. கடமலைக்குண்டிலிருந்து வருசநாடு செல்லும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் உள்ளது எங்கள் ஊர். இலவங்காய் வெடிக்கும் பருவம் அது. காற்று சற்றே வேகமெடுத்தாலும் தோப்புகளிலிருந்து பஞ்சு பறந்து வந்து சட்டையில் ஒட்டும். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் எவருடைய தோப்பு, எவருடைய சாமி என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குச் சென்று கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். சார்பதிவாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் பிறர் நிலத்தின் நான்கு எல்லைகளை வாசித்துச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன். என் மீது ஒரு புகார்கூட எழுந்ததில்லை. ஊரில் வரப்புத் தகராறு வந்தால் என்னை அழைப்பார்கள். நான் சொல்வதை இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும். தற்பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இது தேவைப்படுகிறது.

மலைக்கு மறுபுறத்தில் சாம்பல் நிற அணிலுக்காக ஏற்கெனவே ஒரு சரணாலயம் இருந்தது. அத்தகைய பாதுகாப்பை எங்கள் பக்கத்துக் காட்டுக்கும் விரிவுபடுத்தப் போவதாக அப்போது பேச்சு அடிபட்டது. நான் அதை முழு மனத்தோடு வரவேற்றேன். மூல வைகை எங்கள் கண்ணெதிரே ஆண்டுக்காண்டு இளைத்துக்கொண்டு வந்தது. மேலே காடு மெலிந்ததே அதற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. இன்றும் அதில் மாற்றமில்லை.

வனத்துறை அதிகாரிகள் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "சரணாலயம்னா கோயிலா சார்? அப்ப பூசை யாரு, ரேஞ்சரய்யாவா?" என்று கேட்க, ரேஞ்சர் உட்பட அனைவரும் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, காடு என்றால் என்ன, மழைக்கும் அதற்கும் உள்ள உறவு என்ன என்று விரிவாக எடுத்துரைத்தேன். பேசி முடித்தபோது கைதட்டினார்கள்.

அதன்பின் ஒரு பெண்மணி எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். மலைமாட்டுக் கிடை வைத்திருந்தவர். கணவர் காலமான பிறகு அறுபது மாடுகளைத் தம் தம்பியின் துணையோடு அவரே பராமரித்து வந்தார்.

"மலையில ஏறக் கூடாதுன்னா ஏறல சார். அய்யா சொல்றதும் ஞாயந்தான். கிடையில இருந்து ஆத்துப் பக்கம் மேய்ச்சலுக்குப் போக மலையோரமா ஒரு மாட்டுப் பாதை இருந்துச்சு. அத மட்டும் விட்டுருங்க. தோப்புக்காரவுகல்லாம் வேலி போட்டுட்டாக. இப்ப வேலிக்கு மேலாக் காட்டுக்குள்ளதான் போயிட்டு வாரோம். நாளைக்கு அதுவும் குத்தம்னா, மாட்ட வித்துப்புட்டு நான் எங்கன போவேன்?"

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்காமலே, "அப்படியொரு பாதை இருந்ததாக எனக்கு நினைவில்லை" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அந்தப் பெண்மணி உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, காட்டின் எல்லையை நடந்து பார்த்து உறுதிசெய்ய அதிகாரிகள் வந்தார்கள். ரேஞ்சர், சர்வேயர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோருடன், ஊர்ச்சாட்சியாக நான். வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட எண் பொறித்த கற்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிக்கொண்டே நடந்தோம். கிடைக்காரப் பெண்மணியும் வேறு சிலரும் எங்கள் பின்னால் வந்தனர். நாற்பதாம் கல் ஒரு புதருக்குள் கிடைத்தது. நாற்பத்திரண்டாம் கல் ஓடைக்கரைப் பாறையருகே நின்றது. இடையில் நாற்பத்தொன்றைக் காணவில்லை. பழைய வரைபடத்தில் எல்லைக்கோடு அந்தக் கல்லில் வளைந்து ஊர்ப்பக்கமாக இறங்கியது. கல் இல்லாமல் வளைவு எந்த இடத்தில் என்று சொல்ல இயலாது.

"ஓடை வெள்ளத்தில் போயிருக்கும்" என்று நான் சொன்னேன்.

அப்படியானால் நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டுக்கு நேர்கோடு போட்டுவிடலாம் என்றார் சர்வேயர். அந்தக் கோடு எங்கள் தோப்பின் கிளுவை வேலியை ஒட்டியே சென்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் எங்கள் தோப்பு. நடுவில் மாடு நடக்க ஓர் அடி நிலமும் மிஞ்சாது. வெயில் ஏறியதால் எங்கள் தோப்புக்குள் வந்து, பம்புசெட்டுக்கு அருகே நிழலில் அமர்ந்தோம். நேரில் கண்டதை எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் மகஜரைக் கிராம நிர்வாக அலுவலர் எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"கல்லு வெள்ளத்துல போகல சார்" என்றார் கிடைக்காரப் பெண்மணி. "அது எங்கனயும் போகல. வருசா வருசம் பொங்கலத் தின்னுட்டு இங்கனதான் சொகமா நிக்குது."

அவர் கை நீட்டிய திசையில் எங்கள் எல்லைச்சாமி நின்றது. இடுப்பளவு உயரமுள்ள கல். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறி ஏறி, கல்லா மரமா என்று தெரியாதபடி கறுத்துத் தடித்திருந்தது. தைக்கு ஒரு முறையும், இலவங்காய் பறிப்பதற்கு முன் ஒரு முறையும் அதன் முன்னே பொங்கல் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். எங்கள் தோப்புக் காவலாளி, "ஆத்தா, வாய அடக்கு! சாமியப் போயி..." என்று பதறினார்.

"நான் என்னண்ணே இல்லாததையா சொல்லிப்புட்டேன்? மொத மொத அதுக்கு மஞ்சப் பூசுன அன்னைக்குப் பொங்கல் வாங்கித் தின்னவுக எங்க மாமனாரு. அந்தக் கல்லுக்குக் கீழாலதான் மாட்டுப் பாதைன்னு அவுக சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக."

ரேஞ்சர் நல்ல மனிதர். சாமி காரியத்தில் கைவைக்க அவர் விரும்பவில்லை. "சார், நாங்க அதைத் தொட மாட்டோம். ஊருக்குள்ள வீண் பிரச்சினை வேண்டாம். அது எல்லைக்கல் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எழுதிக்கிறோம்" என்றார்.

"அது எங்கள் முன்னோர் காலத்திலிருந்து வழிபடும் கல்" என்றேன் நான்.

கிடைக்காரப் பெண்மணி வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கான மறுமொழியையும் மனத்தில் தயாராக வைத்திருந்தேன். அவரோ தலையிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, "அய்யாவே சொல்லிட்டாகன்னா சரிதான். எங்க மாமனாரு தப்பாச் சொல்லியிருப்பாக. படிச்சவுக பொய் சொல்ல மாட்டாக" என்றார். அதில் குத்தலோ கேலியோ இல்லை. நம்பித்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "வாடா, போவோம்" என்று தம்பியை அழைத்துக்கொண்டு எழுந்தார்.

பேனா என் கையில் இருந்தது. தாள் மடியில் இருந்தது. கையெழுத்திடும் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் பென்சிலால் ஒரு புள்ளிகூட வைத்திருந்தார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது எழுத வேண்டும். முன்னோர் காலத்திலிருந்து என்று நான் சொன்னது உண்மையன்று. நான் மதுரையில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது கோடை விடுமுறைக்கு வந்தேன். தோப்பில் புதிதாக ஒரு சாமி நின்றது. வேலியும் மலைப்பக்கமாகச் சற்றுத் தள்ளிப் போயிருந்தது. என் தந்தையிடம் கேட்டதற்கு, "கனவுல வந்து சொல்லுச்சு" என்றார். மஞ்சள் அப்போது மெல்லிய பூச்சாகத்தான் இருந்தது. கும்பிடுவதுபோல் தொட்டபோது என் விரலுக்கடியில் ஒரு பள்ளம், நேராக வெட்டிய பள்ளம், தட்டுப்பட்டது. கையை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நாற்பதாண்டுக்கும் மேலாக அந்தக் கல்லை நான் தொட்டதில்லை. பூசை என்றால் எட்ட நின்றே கும்பிட்டேன். எல்லைச்சாமி என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே, எந்த எல்லைக்கு அது சாமி என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டேன். அறியாமல் செய்த பிழை என்று இதை எழுதினால் பாதிதான் உண்மையாகும்.

மகஜரைத் திருப்பிக் கொடுத்தேன். காவலாளியிடம் அரிவாளும் ஒரு வாளித் தண்ணீரும் கேட்டேன். அவர் அரிவாளைத் தர மறுத்தார். "அய்யா, பிள்ளகுட்டிக இருக்குற வீடு..." என்றார். நானே பம்புசெட்டு அறைக்குள் சென்று எடுத்து வந்து, கல்லின் முன் மண்டியிட்டு, அரிவாளின் முதுகால் சுரண்டத் தொடங்கினேன். எண்ணெய்க் கசடு மெழுகுபோல் உரிந்து வந்தது. ஒரு படலம் கறுப்பு, அடியில் மஞ்சள், மறுபடி கறுப்பு. காற்றில் வந்த இலவம்பஞ்சு அதிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. முதலில் ஓர் அம்புக்குறி தெரிந்தது. அதன் கீழே நான்கு. பிறகு ஒன்று.

"நாற்பத்தொன்று. எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அன்று மாலை எங்கள் மூலப்பத்திரத்தை எடுத்து வாசித்தேன். ஊராருடைய பத்திரங்களையெல்லாம் வரிவரியாகச் சரிபார்த்த நான், என் வீட்டுப் பத்திரத்தை அதுவரை விரித்துப் பார்க்கவில்லை. பார்ப்பது தந்தையைச் சந்தேகிப்பதாகும் என்று எனக்குள் ஒரு சாக்கு வைத்திருந்தேன். மலைப்பக்கத்து எல்லையாக அதில் எழுதியிருந்தது இரண்டே சொற்கள்: மாட்டுப் பாதை.

கல்லுக்கு மலைப்பக்கம் இருந்த மர வரிசைகள் காட்டுக்குப் போயின. ஊர்ப்பக்கம் வேலியைப் பின்னுக்கு இழுத்து, பாதையின் அகலத்துக்கு இடம் விட்டோம். பாதைக்குள் நின்ற மரங்களையும் வெட்ட வேண்டியிருந்தது. என் தம்பி பல மாதங்கள் என்னுடன் பேசவில்லை. "படிச்ச புத்திய நம்ம அப்பா மேலதான் வந்து காட்டணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். டீக்கடையில் வேறு விதமாகப் பேசினார்கள். "சாமியவே சர்வேயர்கிட்டப் பிடிச்சுக் குடுத்த மனுசன்யா அவரு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர், "இத்தன வருசமா அவரு வீட்டுச் சாமிக்கே பட்டா இல்லாம இருந்திருக்கு, அதச் சொல்லு" என்றாராம். நான் அந்த வழியாகப் போவதைச் சில காலம் தவிர்த்தேன். வரப்புத் தகராறுகளுக்கு என்னை அழைப்பதும் குறைந்துபோயிற்று.

பாதை திறந்த அன்று காலை நான் தோப்பில்தான் இருந்தேன். அறுபது மாடுகளும் வரிசையாக வந்தன. முதல் மாடு மட்டும் வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளைப் பார்த்து மிரண்டு நின்றது. கிடைக்காரப் பெண்மணி அதைத் தட்டி ஓட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மஞ்சள். தண்ணீர் விட்டுக் குழைத்து, பொறித்த எண் மறையாதபடி, அதற்கு மேலே கல்லின் நெற்றியில் பூசினார்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "சுரண்டிவிட்டேனே. சாமி குற்றம் ஆகாதா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நம்பரு இருந்தாச் சாமி போயிருமாக்கும்? எல்லைச்சாமின்னு ஒங்க அப்பாதான பேரு வச்சாக. அது பாவம், எல்லையக் காட்டிக்கிட்டுத்தான் நின்னுச்சு. நம்மதான் கண்ண மூடிக்கிட்டுக் கும்பிட்டோம்" என்றார். பிறகு மாடுகள் வெகுதூரம் போய்விட்டதைக் கண்டு, சத்தம் கொடுத்துக்கொண்டே ஓடினார்.

'நம்மதான்' என்று அவர் தம்மையும் சேர்த்துக்கொண்டது எதற்காக என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவர் கண்ணை மூடியவர் அல்லர்.

என் தந்தை அறிந்தே செய்தாரா, உண்மையிலேயே கனவு கண்டாரா என்பதைச் சொல்ல இப்போது எவரும் இல்லை. அவர்மீது தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. அவர் செய்தது ஒரு நாள் காரியம், நான் செய்தது நாற்பதாண்டு. காட்டைக் காக்க வேண்டும் என்று இன்றும் கூட்டங்களில் பேசுகிறேன். அழைத்தால் போகிறேன். முன்னைவிடச் சுருக்கமாகப் பேசுகிறேன்.

இதைப் படிப்பவர்கள் நான் நேர்மையாக நடந்துகொண்டதாக எண்ணக்கூடும். ஆனால் அந்தப் பெண்மணி அன்று என்னைப் பொய்யன் என்று நாலு பேர் முன்னிலையில் திட்டியிருந்தால், அந்த மகஜரில் கையெழுத்திட்டுவிட்டுத் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பேன் என்பதை நான் அறிவேன். அதை மறைத்துவிட்டு இந்த அனுபவத்தை எழுதுவது, மறுபடியும் அந்தக் கல்லின் மீது மஞ்சள் பூசுவதற்கு ஒப்பாகும்.