சுங்கை பினாங் கள்ளுக்கடை

இன்று காலை அப்ப மாவு புளித்த வாசனையில் அடுப்படியில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். சிறுவயதில் சுங்கை பினாங்கில் அரசாங்கமே நடத்திய கள்ளுக்கடையின் வாசனை அது. தகரக் கூரை, ஈ மொய்க்கும் பெஞ்சுகள், உள்ளேயே குடித்துவிட்டுப் போகவேண்டும் என்ற சட்டம், ரோடு வேலை முடிந்து நேரே அங்கே நுழையும் அப்பா, கம்பிவேலிக்கு வெளியே என் கையைப் பிடித்தபடி ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும் அம்மா.

பெண்களைத் திரட்டிக்கொண்டு, ஊரை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையிடம் போய், கடையை மூடவைத்தவள் அம்மாதான். கடைதான் மூடியது, அப்பாவால் குடியை விட முடியவில்லை. ஆளுயர லாலாங் புல்லுக்குள் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சம்சு சாராயத்தைத் தேடிப் போனார். ஒருநாள் அதைக் குடித்துவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்து, "விளக்க ஏத்து புள்ள, இருட்டா இருக்கு" என்றார். வெயில் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"கடை இருந்திருந்தா அண்ணனுக்குக் கண்ணாச்சும் மிஞ்சியிருக்கும்லா, அக்கா" என்றாள் பக்கத்து வீட்டு மேரி.

அம்மா அன்றைக்கே அப்பாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி துரையிடம் போனாள். கடையைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

"மூடுனீங்க, நல்லது. குடிய விட முடியாதவங்கள எங்க கொண்டுபோறது? அதச் சொல்லுங்க."

துரையின் குமாஸ்தாவான கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை, அப்படி ஓர் இடம் இல்லையே என்றார்.

"யோசிங்க, இருக்கோம்" என்று வராந்தாவில் அப்பாவை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள் அம்மா.